எச்சில் பட்ட ஆகாயம்!

வலி!

இடது கடவாய்ப் பல்லுக்குள் எவனோ உட்கார்ந்துகொண்டு, வேறு வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

டிடெக்டிவ் சார்ஜென்ட் டார்லா பெரூபே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிராம்பைக் கடித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் மாதத்துச் சேறு. நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பனி உருக ஆரம்பித்தால் மண் ரோடெல்லாம் கூழாகிவிடும். அந்தக் கூழில் இன்றைக்கு இறங்கக் கூடாது, நேராகப் பல் டாக்டர்தான் என்று அவள் முடிவு பண்ணிய அதே நொடி...

போன் அலறியது!

"மேடம்... வெண்டல் பேசறேன்..."

"செத்துத் தொலை. என்ன?"

"நான் இல்ல மேடம். வேற ஒருத்தர் செத்துட்டாரு! பிங்க்ஹம் ஏலக் கொட்டகையில. லைமன் குவிம்பி. ஏலத்துக்கு வர்ற பழைய பெயிண்டிங்குக்கெல்லாம் காட்டலாக் எழுதுவாரே... அவரு. மண்டைய உடைச்சிருக்காங்க. சுத்தியால!"

"எவன் உடைச்சான்?"

"கையில சுத்தியோட நின்ன ஆளையே பிடிச்சுட்டோம் மேடம். கேஸ் முடிஞ்ச மாதிரிதான். நீங்க சும்மா வந்து ஒரு பார்வை..."

"ஆள் யாருடா?"

வெண்டல் தயங்கினான்.

"அர்மாண்ட் பூஷார்."

டார்லா கிராம்பைத் துப்பினாள்.

அர்மாண்ட், அவள் அப்பாவோடு பேப்பர் மில்லில் மரக்கூழ் கிளறியவன். மில் மூடிய பிறகு பிங்க்ஹம் கொட்டகையில் படம் தூக்குகிறான், மாட்டுகிறான், இறக்குகிறான். குடித்தால் கை நீளும். ஆனால்...

ஆனால் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. காரை எடுத்தாள்.

*

ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகை. இப்போது மாட்டின் படம் மாட்டுகிறார்கள்.

சுவர் முழுக்க மலை. மலைக்குக் கீழே ஏரி. ஏரிக்கரையில் மாடு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி நகரத்திலிருந்து ரயிலேறி வந்த ஓவியர்கள், விடுதி வராந்தாவில் உட்கார்ந்து வரைந்தவை. ஒன்றில் வைக்கோல் வண்டி மேல் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை வெயிலில் வைக்கோல் அள்ளியவன் எவன் இப்படிச் சிரித்தான்? டார்லா அள்ளியிருக்கிறாள். கழுத்தெல்லாம் அரிப்பெடுக்கும். சிரிப்பு வராது.

ஒரு நாள்கூட மாட்டுச் சாணியை மிதிக்காத ஆட்கள், அந்த மாட்டுக்கு ஒரு வீட்டு விலை கொடுக்கிறார்கள். நல்லாயிருக்கட்டும்!

குவிம்பி குப்புறக் கிடந்தார். மெலிந்த மனுஷன். பின்மண்டையைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் சுத்தியல். எதிரே சுவரில் ஒரு பெரிய படம், பாதி விலகிய வெள்ளைத் துணியோடு.

மூலையில் ஸ்டூலில் அர்மாண்ட். கையில் விலங்கு.

"டார்லா... சத்தியமா நான் இல்லம்மா."

"சுத்தி யாருது?"

"என்னுதுதான்."

"உன் கையில எப்படி வந்துச்சு?"

"காலையில வேலைக்கு வந்தப்ப என் சுத்தி கீழ கிடந்தா எடுக்க மாட்டேனா? எடுத்தேன். ஈரமா இருந்துச்சு. அப்புறம்தான் அந்தாளையே பார்த்தேன்."

"நேத்து எல்லார் முன்னாடியும் 'உன் மண்டைய உடைக்கிறேன்'னு அவர்கிட்ட கத்தினியாமே?"

"கத்தினேன். பொன் முலாம் பூசின ஃப்ரேமை நான்தான் கீறிட்டேன்னு சொன்னான். நான் கீறல. எங்க அண்ணன்கிட்டகூட அப்படித்தான் கத்துவேன். அவன் இன்னும் உயிரோடதான் இருக்கான்!"

"உன் சுத்தியல் ஏன் ராத்திரி இங்க இருந்துச்சு?"

"குவிம்பிதான் கேட்டான். 'இந்தப் படத்தை மட்டும் நானே மாட்டிக்கறேன், நீ தொடாதே, சுத்திய வெச்சிட்டுப் போ'ன்னான். வெச்சிட்டுப் போனேன்."

கொட்டகைச் சொந்தக்காரர் தர்லோ பிங்க்ஹம் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஏலம் கூவிக் கூவி கழுத்து நரம்பு தடித்த ஆள்.

"மேடம்! பாடிய எப்ப எடுப்பீங்க?"

"ஏன், அவசரமா?"

"நாளைக்கு சனிக்கிழமை! ஏலம்! பாஸ்டன்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க!"

"உங்ககிட்ட பதினோரு வருஷம் வேலை பார்த்தவர் சார்."

"வருத்தம்தான். ரொம்ப வருத்தம்... மத்தியானத்துக்குள்ள எடுத்துடுவீங்கள்ல?"

டார்லாவின் பல் ஒரு குத்து குத்தியது.

"இந்தப் படம் யாருது?"

"எலிஃபலட் ஃப்ராஸ்ட் வரைஞ்சது. ஏலத்தோட ராஜா இதுதான்! காட்டலாக்கிலயே போடல. கடைசி நேரத்துல காட்டி எல்லாரையும் அசத்தணும்னு குவிம்பி சொன்னாரு. நேத்து சாயங்காலம் ஜனங்க மத்த படங்களைப் பார்த்துட்டுப் போன பிறகுதான் பெட்டியிலிருந்தே எடுத்தாரு. அவரைத் தவிர யாரும் பார்க்கல. நானே பார்க்கல!"

"விக்கறது யாரு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"மேடம், எங்க தொழில்ல படம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறது மரியாதை இல்ல."

"எங்க தொழில்ல அதைக் கேக்காம விட்டா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க" என்றபடி டார்லா துணியை முழுசாக விலக்கினாள்.

மலை. ஏரி. மாடு. எல்லாவற்றின் மேலும் புகையிலைச் சாறு மாதிரி ஒரு பழுப்பு. ஆகாயமே அழுக்கு.

ஒரே ஒரு இடத்தைத் தவிர!

ஆகாயத்தின் இடது ஓரத்தில், ஒரு காசு அகலத்துக்கு... பளிச்சென்று நீலம்!

யாரோ அந்த இடத்தை மட்டும் துடைத்திருக்கிறார்கள்.

*

வாசலில் கார் வந்து நின்றது. அரசு வக்கீல் பிராட்ஃபோர்ட் எஸ்டபுரூக் இறங்கினார். பளபளக்கும் ஷூவில் சேறு படாமல் தாண்டித் தாண்டி வந்தார்.

"டார்லா, ஆள் கிடைச்சாச்சாமே! சபாஷ்!"

"சார், கொஞ்சம் பொறுங்க. எனக்கு இதுல..."

"குடிகாரன். பழைய அடிதடி கேஸ் இருக்கு. எல்லார் முன்னாலயும் மிரட்டியிருக்கான். கையில சுத்தி. இன்னும் என்ன வேணும்? அவனே கவிதையா எழுதித் தரணுமா?"

"ஒரு டெஸ்ட் பண்ணணும்."

"திங்கக்கிழமை காலையில நான் கோர்ட்ல குற்றச்சாட்டு படிக்கிறேன். கொலை. ஆயுள் முழுக்க உள்ள! அதுவரைக்கும் நீங்க எந்த டெஸ்ட் வேணா பண்ணிக்கோங்க."

அர்மாண்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வக்கீல் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டிப் போனார்.

அப்போதுதான் டார்லா அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

கொட்டகையின் அந்தக் கோடியில், ஒட்டகத் தோல் நிறக் கோட்டு, பட்டுக் கழுத்துக்குட்டை... பாஸ்டன் வியாபாரி பிரெஸ்டன் வாட்லி. போலீஸ் கயிறு கட்டாத பக்கமாக நுழைந்து ஒரு மாட்டுப் படத்தின் முன்னால் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

கட்டைவிரலை நாக்கில் வைத்து நக்கினார்!

படத்தின் மூலையில் வைத்துத் தேய்த்தார்!

"என்ன சார் பண்றீங்க?"

வாட்லி துள்ளிவிட்டார்.

"ஹி... ஒண்ணுமில்ல மேடம். அழுக்குக்குக் கீழ என்ன கலர்னு பார்த்தேன். அழுக்கெடுக்க எச்சில் மாதிரி வராது. இந்த லைன்ல இருக்கற எல்லாரும் பண்றதுதான். வெளிய சொல்லிக்க மாட்டோம்."

"எல்லாருமா?"

"வியாபாரி, புரொபசர், மியூசியம்... எல்லாரும். கை தானா போயிடும் மேடம்!"

"எங்கப்பா மில்லுல எச்சில் துப்பினா வேலைய விட்டே தூக்குவாங்க. நீங்க துப்பினா நிபுணர். ம்?"

வாட்லி சிரித்து வைத்தார்.

டார்லா சிரிக்கவில்லை. அவள் கண் அந்த நீலக் காசின் மேல் இருந்தது.

"வெண்டல்! அந்தப் படத்தைக் கழட்டு. லேபுக்கு. அந்த நீலத்து மேல ஒருத்தன் மூச்சுக்கூட விடக் கூடாது!"

பிங்க்ஹம் அலறினார். "ஐயோ! ஏலத்தோட ராஜா!"

"ராஜா கைது" என்றாள் டார்லா.

*

ஸ்டேஷன். ஆறிப்போன காபி. வெண்டல் டோனட்டைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"எச்சில்ல ஆள் யாருன்னு கண்டுபிடிச்சுடலாமா மேடம்?"

"டி.என்.ஏ. இருக்குடா. யோசி. அந்தப் படத்தை யாரும் பார்க்கல. பெட்டியிலேர்ந்து எடுத்ததே ஜனங்க போன பிறகு. அதுல எச்சில் இருக்குன்னா, அந்த ஆளு ராத்திரி குவிம்பியோட இருந்திருக்கான்."

"குவிம்பியே தடவியிருந்தா?"

"அப்ப அர்மாண்ட் ஆயுசுக்கும் உள்ளதான்."

டார்லா காபியை வலது பக்கமாக உறிஞ்சினாள்.

"பூட்டு உடையல. குவிம்பியே கதவு திறந்து விட்டிருக்கார். பழகின ஆளு. அந்தப் படம் யாருக்கு முக்கியம்? ஒண்ணு, பிங்க்ஹம். சாவி இருக்கு. ரெண்டு, வாட்லி. ஒரு வாரமா 'என்ன படம், என்ன படம்'னு குவிம்பியைத் தொந்தரவு பண்ணியிருக்கார். மூணு..."

"டாக்டர் கொர்னீலியா தாக்ஸ்டர்! மியூசியம் அம்மா! அந்த ஃப்ராஸ்ட்டைப் பத்தி அவங்க சொன்னாத்தான் வேதம். நம்ம ஊர் விடுதியிலதான் தங்கியிருக்காங்க. கேட்டேன். 'ஜலதோஷம், ராத்திரி பூரா படுக்கையில, அந்தப் படத்தைக் கண்ணாலயே பார்க்கல'ன்னாங்க."

"மூணு பேரும் அதையேதான் சொல்றாங்க. மூணு பேரோட எச்சிலும் வேணும்."

"குடுங்கன்னா குடுப்பாங்களா? வக்கீலோட வந்துடுவாங்களே!"

டார்லாவின் வீங்கிய கன்னத்தில் ஒரு சிரிப்பு கோணியது.

"கேக்க மாட்டோம். சர்ச்சுல பழைய சாமான் விக்கறாங்கல்ல... போய் மூணு அழுக்குப் படம் வாங்கிட்டு வா. மலை, ஏரி, மாடு. எவ்வளவு அழுக்கோ அவ்வளவு நல்லது!"

*

சனிக்கிழமை காலை, ஏலத்துக்கு முன்னால். ஸ்டேஷனில் மூன்று அறை. மூன்று நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே, எதற்கோ மறந்து வைத்த மாதிரி, சுவரில் சாய்ந்து ஒரு அழுக்குப் படம்.

'வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து' என்று மூன்று பேரையும் வரவழைத்து, தனித்தனியாக உட்கார வைத்தாகிவிட்டது. டார்லாவும் வெண்டலும், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

முதல் அறை. வாட்லி.

உட்காரவே இல்லை! நேராகப் படத்துக்குப் போனார். நக்கினார். தேய்த்தார்.

"ச்சீ..." என்றான் வெண்டல். "நாய்கூட முதல்ல மோந்து பார்க்கும் மேடம்!"

இரண்டாவது அறை. பிங்க்ஹம் நிஜமாகவே மோந்து பார்த்தார்! முதுகுப் பக்கம் திருப்பி மரச்சட்டத்தைத் தட்டினார். அப்புறம் நக்கினார். தேய்த்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது அறை.

டாக்டர் கொர்னீலியா தாக்ஸ்டர். வெள்ளி முடி. நிமிர்ந்த முதுகு. படத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தாள்.

நேரம் போனது.

"இந்தம்மா டீசன்ட் மேடம். பண்ண மாட்டாங்க."

"பொறு."

டாக்டர் தாக்ஸ்டரின் தலை மெல்லத் திரும்பியது. படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள். கைப்பையைத் திறந்தாள். மூடினாள். எழுந்தாள். ஜன்னல் வரைக்கும் நடந்தாள். திரும்பி வரும் வழியில்... தற்செயலாக நிற்கிற மாதிரி... படத்தின் முன்னால் நின்றாள்.

கதவைப் பார்த்தாள்.

நாக்கு வெளியே வந்தது!

"போச்சு!" என்றான் வெண்டல். "படிச்சவங்க மேடம் இவங்க எல்லாம்!"

"எனக்குப் பல்லு வலிக்குது, சிரிக்க வைக்காதே. மூணு படத்தையும் பத்திரமா எடுத்து லேபுக்கு அனுப்பு."

*

ஞாயிறு மத்தியானம் லேப் பேசியது. டார்லா கேட்டாள். மறுபடியும் கேட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அப்புறம் வெண்டலைக் குவிம்பி வீட்டுக்கு விரட்டினாள். அவன் அங்கேயிருந்து போனில் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, நேராக விடுதிக்குப் போனாள்.

டாக்டர் தாக்ஸ்டர் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, தோசை கனத்துக்கு இருந்த பான்கேக்கின் மேல் மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உக்காரலாமா டாக்டர்?"

"என் வாக்குமூலம்தான் கையெழுத்தாயிடுச்சே?"

"ஆச்சு. அந்தப் படத்தை நீங்க பார்க்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"பார்க்கல."

"பார்க்காத படத்துல உங்க எச்சில் எப்படி வந்துச்சு?"

பாகு ஊற்றிய கை நின்றது. பாகு நிற்கவில்லை. தட்டு நிறைந்து மேஜையில் வழிந்தது.

"ஆகாயத்துல, இடது ஓரம். ஒரு காசு அகலம். நேத்து ஸ்டேஷன்ல ஒரு மாட்டுக்குப் பக்கத்துல தடவினீங்களே, அதே எச்சில்!"

பிறகு, டாக்டர் தாக்ஸ்டர் ஜாடியைக் கீழே வைத்தாள்.

"குவிம்பிதான் போன் பண்ணிக் கூப்பிட்டான்" என்றாள். குரலில் இன்னும் அதிகாரம். "என்கிட்ட வேலை பார்த்தவன். ஒரு காலத்துல நான்தான் வெளியே அனுப்பினேன். வந்து பாருங்க, உங்க மியூசியத்துல தொங்கறது காப்பி, அசல் இதுதான்னான். சனிக்கிழமை மைக்கைப் பிடிச்சு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்னான்."

"நீங்க நம்பினீங்களா?"

"நான் யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். தொட்டுப் பார்த்தேன். அந்த நீலம்! அப்பப்பா... ஃப்ராஸ்ட்டைத் தவிர எவனாலும் அந்த நீலம் போட முடியாது! மியூசியத்துக்கு அந்த இன்னொண்ணை வாங்க வெச்சது நான். முப்பது வருஷப் பேர்! இவன் சிரிச்சான். 'யாருக்குக் கண் இல்லை, டாக்டர்?'ன்னு கேட்டுட்டுத் திரும்பி நின்னான்... கீழ சுத்தி இருந்துச்சு."

"மறுநாள் வேற ஒருத்தனைப் பிடிச்சாங்க. வாயைத் திறக்கலையே நீங்க?"

"யாரு... அந்தப் படம் தூக்கறவனா?"

அவ்வளவுதான். அர்மாண்ட் ஆயுள் முழுக்கக் கம்பி எண்ணினால் இவளுக்கு என்ன? ஃப்ரேம் மாட்ட வேறு ஆள் வருவான்.

டார்லா முன்னால் குனிந்தாள்.

"இன்னொரு விஷயம் டாக்டர். லேப்ல எச்சில் எடுத்த பஞ்சுல நீலமும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நூத்தம்பது வருஷம் காஞ்ச பெயிண்ட் எச்சிலுக்கெல்லாம் வராதாம். பரிசோதிச்சுப் பார்த்திருக்காங்க. இப்ப கடையில விக்கற கலர். அந்தப் பழுப்பு... டீத்தண்ணியும் அடுப்புப் புகையும்!"

"என்ன... என்ன உளர்றே?"

"குவிம்பியோட ஷெட்ல இன்னும் மூணு இருக்கு. பாதி ஆகாயம், பாதி மலை. சுவர் பூரா உங்க மியூசியத்துப் படத்தோட போட்டோ. உங்களுக்காகவே உக்காந்து வரைஞ்சிருக்கார்! வேலையிலேர்ந்து அனுப்பினப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

டாக்டர் மேஜையில் வழிந்த பாகை விரலாலேயே வழிக்க ஆரம்பித்தாள்.

"'உனக்குக் கண் இல்லை'ன்னு சொல்லியிருப்பீங்க. அதான் யாருக்கு இல்லைன்னு பார்த்துட்டார். உங்க மியூசியத்துல இருக்கறது அசல். முதல் தடவை சரியாத்தான் சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரியும் சரியாச் சொல்லியிருந்தா, சிரிச்சிட்டுத் தூங்கப் போயிருப்பீங்க. குவிம்பியும் உயிரோட இருந்திருப்பார்."

டாக்டர் தாக்ஸ்டரின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. கொலையைச் சொன்னபோதுகூட வெளுக்காத முகம்!

பாய்ந்து டார்லாவின் கையைப் பிடித்தாள்.

"சார்ஜென்ட்... கொலை பண்ணினேன்னு எழுதிக்கோங்க! கையெழுத்துப் போடறேன்! ஆனா... போலியைப் பார்த்து நான் ஏமாந்தேன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க! ப்ளீஸ்!"

டார்லா அந்தக் கையை உதறினாள். விரல் பிசுபிசுத்தது.

"எழுந்திருங்க. விலங்கு அசல்தான். நக்கிப் பார்க்கணுமா?"

*

திங்கட்கிழமை. கோர்ட் வாசல் படிக்கட்டு.

வாட்லி போனில் பிடித்துக்கொண்டார். "மேடம், அந்தப் படம் கேஸ் முடிஞ்சதும் வெளிய வருமா? கொலை நடந்த போலி! கூட்டம் அள்ளும்! முதல்ல எனக்குச் சொல்லுங்க..."

டார்லா போனை அணைத்தாள். இந்த ஜாதியைக் கொசுவர்த்தி வைத்தும் விரட்ட முடியாது.

அர்மாண்ட் வெளியே வந்தான். மூன்று நாள் தாடி. கசங்கிய சட்டை. வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசினான்.

பின்னாலேயே அரசு வக்கீல் எஸ்டபுரூக். பத்திரிகைக்காரர்களைப் பார்த்ததும் டையைச் சரிசெய்தார்.

"எங்கள் விசாரணை துல்லியமாக, வேகமாக நடந்தது. உண்மையான குற்றவாளியைப் பிடித்தோம். இந்த வெற்றி..."

பேசி முடித்தார். இறங்கினார். அர்மாண்டின் தோளை உரசிக்கொண்டு போனார். பார்க்கவில்லை. அவருக்கு இவன் இன்னும் அதே நாற்காலிதான்.

"சார்!" என்று கூப்பிட்டான் அர்மாண்ட்.

வக்கீல் திரும்பினார். ஆள் யார் என்று ஞாபகம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஓ... நீயா. விட்டுட்டாங்கல்ல? போ, போ. வீட்டுக்குப் போ."

"கொலைகாரன்னு ஊர் பூரா டி.வி.யில சொன்னீங்களே சார்."

"ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வரும்."

கார்க் கதவு சாத்திக்கொண்டது. சேற்றை வாரியிறைத்துக்கொண்டு வண்டி போனது. பாதிச் சேறு அர்மாண்டின் கால்சட்டையில்.

டார்லாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அர்மாண்ட்... அந்தாளுக்கு வாய் வராது. அரசாங்கத்து சார்பா நான் வேணா மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அர்மாண்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கால்சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"நீ கேட்டா அது காப்பிம்மா! அந்தாளு வாயால வரவேண்டிய ஒரிஜினல் மன்னிப்பு ஒண்ணு... எனக்கு இன்னும் பாக்கி!"